கத்தி வந்தால் பெண் வரும்

என் மாமனாரின் மடக்குக்கத்தி எத்தனை நீளம் என்று கேட்டால், அந்த வீட்டில் ஆளுக்கு ஓர் அளவு சொல்வார்கள். அத்தனை அளவையும் ஒட்டவைத்தால் நாலு முழம் வரும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் நாயாக அலைந்தேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் புதுச்சேரியில் புஷ்புஷ் வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டியில் உட்காருகிறவர் கையில் முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பி இருக்கும். பின்னால் நின்று தள்ளுவது என் வேலை. வழி அவருடையது, மூச்சு என்னுடையது. பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஓடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்தான்.

என் வீடு முத்தியால்பேட்டையில். மாமனார் வீடு முதலியார்பேட்டையில். நடுவில் முழு ஊரும் இருந்தும் அவருடைய பார்வை என் முதுகில் பட்டுக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டைக்குப் பிரான்ஸ் வரை போய், கொண்டுபோன உறுப்பெல்லாம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தவர். அதனால் மற்றவர்களும் எதையும் தொலைக்கக் கூடாது என்று நினைப்பார். நானோ, அவருடைய குடையைத் தொலைத்திருந்தேன். அரிக்கேன் விளக்கைத் தொலைத்திருந்தேன். ஒரு ஜோடிச் செருப்பை இரவல் வாங்கி, அதில் ஒன்றைத் தொலைத்திருந்தேன். ஒன்றை மட்டும் எப்படித் தொலைத்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பெண் குழந்தை. ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அழைத்துப் போகலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறன்று குழந்தையைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது மாமனார் வீட்டு வாசலிலேயே வண்டிக் கூண்டைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, கூண்டு என் தலையில் கவிழ்ந்தது. அத்தை சிரித்தார். மனைவி சிரித்தாள். கைக்குழந்தையும் சிரித்ததுபோல்தான் இருந்தது. கூண்டு முழுவதையும் பிரித்துப் புதுக்கயிறு போட்டுக் கட்ட வேண்டும். நாலைந்து நாள் வேலை. கத்தி வேண்டும்.

"மாமா, ஒரு கத்தி இருந்தா குடுங்களேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பு வாரிலிருந்த தோல் உறையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. வாசல்படியில் வைத்தார்.

"கத்திய கைக்குக் கை வாங்கக் கூடாது மாப்ளே. சண்டை வந்துடும். கீழ வச்சுட்டேன், எடுத்துக்குங்க."

எடுத்தேன். இளம் மஞ்சள் நிறத்தில் மரப்பிடி. பிடியின் கோடியில் கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை. மேலெல்லாம் கம்பியைக் காய்ச்சிச் சுட்ட சின்னச் சின்னக் கோலம். கழுத்தில் ஒரு பித்தளை வளையம். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது.

"இது பிரான்சுல ஒரு கெழவன் குடுத்தது. அவன் வைக்கப்போர்லதான் நாங்க படுத்திருந்தோம்" என்றார் மாமனார். "கத்திய சும்மா வாங்கிக்கினா ஒறவு அறுந்துடும்னு அந்த ஊர்லயும் சொல்றான். அதனால வாங்கினவன் பதிலுக்கு ஒரு காசு குடுத்துடணும். எங்கிட்ட ரெண்டு ஓட்டைக் காசு இருந்துச்சு. ஒண்ண அவன் கையில வச்சேன். இன்னொண்ணு இதோ."

சாவிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஓட்டை போட்ட பிரெஞ்சுக் காசு ஒன்று சாவிகளோடு ஆடியது.

"அப்ப நானும் ஒரு காசு தரணுமா மாமா?"

"நீங்க ஏன் தரணும்? நான் என்னா தானமா குடுக்கறேன்? இது எரவலு. அடுத்த ஞாயித்துக்கெழம பொண்டாட்டி புள்ளைய கூப்பிட வரும்போது கொண்டாங்க. ஒரு கத்திய ஒரு வாரம் பாத்துக்க முடியாத ஆளு, கைப்புள்ளைய எப்படி பாத்துக்குவாரு? கத்தி வந்தா பொண்ணு வரும். அவ்ளோதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அத்தையைப் பார்த்தேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

கத்தி என்னிடம் இருந்தது மொத்தம் இரண்டு மணி நேரம்.

அன்று சாயங்காலமே, கப்பல் சரக்கு இறக்குகிற கடல் பாலத்தில் என் கூட்டாளியைப் பார்த்தேன். அவனும் புஷ்புஷ் தள்ளுகிறவன்தான். கத்தியைத் திறந்து மூடி, திறந்து மூடி, வளையத்தைத் திருகித் திருகிக் காட்டினேன்.

"குடு மச்சான், நானும் பாக்கறேன்" என்று கையை நீட்டினான்.

அப்போது எனக்குப் புத்தி வந்தது. என் வாழ்க்கையில் புத்தி வந்த நேரமெல்லாம் கெட்ட நேரம்தான். "கைக்குக் கை வாங்கக் கூடாதுடா, சண்டை வந்துடும்" என்று சொல்லி, மாமனார் மாதிரியே நிமிர்ந்து நின்று, கத்தியைக் கீழே வைத்தேன். கீழே என்றால் பாலத்துப் பலகைமேல். கோலிக்குண்டுக் கோடி உருண்டது. இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த இடுக்கை அது என் கண்முன்னால் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தது. அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கூட்டாளி குனிந்து சந்து வழியாகப் பார்த்தான். "சண்ட வராது மச்சான்" என்றான்.

கைக்குக் கை கொடுத்திருந்தால் என்ன, அவனோடு ஒரு சண்டை வந்திருக்கும். அவனோடு தினமும்தான் சண்டை.

மாமனாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடை, விளக்கு, ஒற்றைச் செருப்பு மூன்றும் என் வாயை அடைத்துவிட்டன. அதே மாதிரி இன்னொன்று தேடிப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு அளவு தெரிய வேண்டுமே? என் கை ஞாபகத்தில் மூடின கத்தி நாலு விரலை மறைத்தது. உருண்டை சுண்டுவிரலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"சாண் நீளம் இருக்கும்" என்றான் கூட்டாளி.

"நீ அதத் தொடவே இல்லியேடா!"

"வுழும்போது பாத்தேனே."

செவ்வாய்க்கிழமை, குழந்தையைப் பார்க்கிற சாக்கில் மாமனார் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மனைவி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மெல்ல ஆரம்பித்தேன்.

"உங்கப்பா கத்தி இருக்குதே, அது எவ்ளோ நீளம் இருக்கும்?"

"உங்ககிட்டதானே இருக்குது? எடுத்துப் பாக்கறது."

"வூட்ல பத்திரமா வச்சிருக்கேன். சும்மா கேக்கறேன்."

அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினாள். "கத்தரிக்கா அளவு" என்றாள்.

"எந்தக் கத்தரிக்கா? குண்டா, நீட்டா?"

"நடுத்தரமா."

நடுத்தரக் கத்தரிக்காய் என்று ஓர் அளவை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் போய் நிற்பது? அதற்குள் குசினி அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "கத்தரிக்கா இல்லடி. மெழுகுத்திரி அளவு. பாதி எரிஞ்ச மெழுகுத்திரி."

"கோயில் திரியா, வீட்டுத் திரியா அத்தை?"

"இந்த மாப்ளைக்கு வேற வேலையே இல்லியா?"

"கனம் எப்படி இருக்கும்?" என்று மனைவியிடம் மறுபடி கேட்டேன்.

"கோழிமுட்ட கனம். பிடி நல்லா வழவழன்னு இருக்கும், தேஞ்ச சோப்பு மாதிரி. ஏங்க, உங்களுக்கு என்னா ஆச்சு?"

"எனக்கா? எனக்கென்னா ஆவும்?" என்று சிரித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். பாதி வழியில்தான் தலைப்பாகையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

புதன்கிழமை பெரிய மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் "எந்த மார்க்கு?" என்று கேட்டார்.

"எழுத்து படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்யா வண்டி தள்றேன்?"

சாக்கை விரித்து நாலைந்து கத்தியைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் பிடித்தேன். முதலில் ஒரு பேனாக்கத்தி. இரண்டு பக்கமும் கிளிஞ்சல் ஒட்டி மினுமினு என்று இருந்தது. அதில் இரண்டு அலகு. ஒன்று பென்சில் சீவ, இன்னொன்று எதற்கென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கையை மூடினால் பேரீச்சங்கொட்டையைப் பிடித்த மாதிரிதான். கவர்ன்மெண்டு ஆபீசு குமாஸ்தாவுக்கு ஆகும். என் கைக்கு அது காணாமல் போவதற்கென்றே செய்தது. அடுத்தது கொம்புப்பிடி போட்டது. இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் வளைந்து, நாட்டியக்காரி மாதிரி நின்றது. நீளம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதுகில் ஒரு வில் வைத்திருந்தார்கள். மூடும்போது 'தடக்' என்று எலிப்பொறி மாதிரி விழுந்து என் கட்டைவிரலைக் கடித்தது. மாமனார் கத்திக்குச் சத்தமே கிடையாது. இன்னொன்று தகரப்பிடி. பிடிப்பதற்கு வெறும் கரண்டிக்காம்பு.

மறுபடி முதல் கத்தியிலிருந்து ஆரம்பித்தேன்.

"வாங்க வந்தியா, நாடி பாக்க வந்தியா?" என்றார் கடைக்காரர். சாக்கைச் சுருட்டிவிட்டார்.

பாலத்தில் கப்பல்காரன் ஒருவன் அவனுடைய கத்தியைக் காட்டினான். கயிற்று முடிச்சைக் குத்திப் பிரிக்க அதில் ஒரு முள்ளும் இருந்தது. தொங்கவிட ஒரு வளையமும் இருந்தது. கனமென்றால் அப்படி ஒரு கனம். இடுப்பில் செருகிப் பார்த்தேன். கத்தி அங்கேயே நிற்க, வேட்டி இறங்கிவிட்டது. வியாழக்கிழமை, பூந்தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவரைப் பிடித்தேன். அவர் கத்தியின் பிடி, ஆண்டவர் சாட்சியாக, மாமனார் கத்தியின் பிடி மாதிரியே கைக்கு நிறைவாக இருந்தது. சந்தோஷத்தில் திறந்தேன். அலகு கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தது. கிளை கவாத்து செய்கிற கத்தி. மாமனார் அதில் கொய்யாப்பழம் நறுக்கினால் மூக்கையும் சேர்த்து நறுக்கிக்கொள்வார்.

இத்தனைக்கும் நடுவில் கூட்டாளி ஒவ்வொன்றையும் பார்த்து, "அதே மாதிரிதான் மச்சான் இருக்குது" என்றான். பேனாக்கத்தியையும் அப்படித்தான் சொன்னான். கிளிமூக்கையும் அப்படித்தான் சொன்னான். மண்வெட்டியைக் காட்டினாலும் சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை காலை, துரை வீட்டுச் சமையல்காரர் ஒருவர் மார்க்கெட் வாசலில் என் வண்டியில் ஏறினார். நெல் மூட்டை மாதிரி உடம்பு. உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் கொய்யாக்காயைச் சீவ ஆரம்பித்தார். மஞ்சள் மரப்பிடி. சுட்ட கோலம். பித்தளை வளையம். கோடியில் கோலிக்குண்டு!

வண்டியை விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். வண்டி தானாகப் போய் ஒரு கீரைக்காரி கூடையில் முட்டி நின்றது. அவள் கொடுத்த அர்ச்சனையை முழுதாகக் கேட்டுமுடித்துவிட்டுச் சமையல்காரரிடம் கதையைச் சொன்னேன்.

"முன்ன இருந்த தொர ஊருக்குப் போகும்போது வுட்டுட்டுப் போனது" என்றார் அவர். "குடுக்கறேன். ஆனா நீ ஒரு மாசத்துக்கு தெனம் காலையில என்ன மார்க்கெட்டுக்கு சும்மா தள்ளிக்கினு போயி, காய்கறியோட கொண்டாந்து வுடணும்."

அவர் உடம்பைப் பார்த்தேன். ஒரு மாதம் என்றால் ஒரு சிறு மலையை நகர்த்துகிற வேலை. குழந்தையின் முகத்தை நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் அடுத்த வயிற்றெரிச்சல். இது ஒரு விரற்கடை அதிக நீளம். அலகு இன்னும் அகலமாக இருந்தது. மாமனார் கத்தியின் அலகு சாணை பிடித்துப் பிடித்து மாவிலை மாதிரி ஒடுங்கியிருக்கும். பிடியும் சொரசொரப்பு.

சனிக்கிழமை அந்தக் கத்திக்குக் கிழத்தனம் ஏற்றினோம். கூட்டாளி அலகைக் கல்லில் தேய்த்தான். நிறுத்து என்று சொன்ன பிறகும் தேய்த்தான். அலகு கறுக்க வேண்டும் என்று நான் கத்தியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். அலகு நன்றாகத்தான் கறுத்தது. ஆனால் புளி பித்தளையை என்ன செய்யும் என்று எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். வளையம் கல்யாணப்பெண் காதுத்தோடு மாதிரி பளபளத்தது. வண்டி அச்சிலிருந்து மசகை வழித்து அதன்மேல் பூசினேன்.

பிடியை வழவழப்பாக்கத்தான் வழி தெரியவில்லை. அத்தனை வருஷத்துக் கைச்சூட்டை ஒரு நாளில் எங்கே வாங்குவது? தேங்காய் எண்ணெயைத் தடவி, உள்ளங்கைக்கும் வண்டியின் தள்ளுகட்டைக்கும் நடுவில் கத்தியை வைத்து அழுத்திக்கொண்டு, அன்று முழுவதும் சவாரி தள்ளினேன். ஊரைச் சுற்றி முடித்தபோது பிடி கொஞ்சம் வழவழத்தது. என் உள்ளங்கையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய் நின்றேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் மூட்டை கட்டின மாதிரியும் இருந்தது, கட்டாத மாதிரியும் இருந்தது. கத்தியைப் படியில் வைத்தேன். மரப்படி இல்லை, சிமிட்டிப்படி. சந்து எதுவும் இல்லையென்று முதலிலேயே பார்த்துக்கொண்டேன்.

"இந்தாங்க மாமா. சொன்ன மாதிரி கொண்டாந்துட்டேன்."

அவர் கத்தியை எடுத்தார். அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே விரலால் பிடியை ஒருமுறை தடவினார். திறந்தார். வளையத்தைத் திருகினார். விரலில் ஒட்டின மசகை முகர்ந்தார். தட்டில் இருந்த சப்போட்டாப் பழத்தைத் தோல் சீவ ஆரம்பித்தார். கூட்டாளி தேய்த்த தேய்ப்பில் அலகு தோலோடு பாதிப் பழத்தையும் கொண்டுபோனது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்ல கத்தி மாமா. வெயில்ல மரம் கொஞ்சம் நீண்டுக்கும்னு சொல்றாங்க. கடக்காத்துக்கு வேற..."

"மாப்ளே."

"ம்?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

எழுந்து உள்ளே போனார். மூட்டையைப் பிரிக்கச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அவர் சாவிக்கயிற்றோடு திரும்பி வந்தார். கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். அது பல வருஷத்து முடிச்சு, லேசில் வரவில்லை. ஓட்டைக் காசை உருவி எடுத்தார்.

"கைய நீட்டுங்க."

நீட்டினேன். கொப்புளத்தைப் பார்த்தார். காசை அதன்மேலேயே வைத்து அழுத்தினார். உயிர் போய் வந்தது.

"எதுக்கு மாமா இது?"

"ஒறவு அறுந்துடக் கூடாதுல்ல" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏம்மா, கெளம்பு. வெயிலுக்கு முன்ன போய்ச் சேருங்க" என்றார். அந்தக் கத்தியைத் தோல் உறையில் செருகினார். ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மனைவி வண்டியில் ஏறி, ஒரு கையில் குழந்தையையும் ஒரு கையில் திருப்புகம்பியையும் பிடித்துக்கொண்டாள். நான் தள்ளினேன். முதலியார்பேட்டையைத் தாண்டினோம்.

"எப்படி கண்டுபுடிச்சாரு?" என்றேன்.

"நான்தான் சொன்னேன்."

"எப்ப?"

"செவ்வாக்கெழம. நீங்க கத்தரிக்கா குண்டா நீட்டான்னு கேட்டுட்டுப் போனீங்களே, அன்னிக்கே."

வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.

"செவ்வாக்கெழமயே தெரியுமா? அப்பறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல? நான் புதன், வியாழன், வெள்ளி, சனி..."

"அப்பாதான் வேணாம்னுட்டாரு. 'தேடட்டும்மா, அந்த ஆளு நாலு நாளு சேந்தாப்ல ஒரே வேலய செஞ்சு நான் பாத்ததே இல்ல'ன்னாரு. நேத்துக் காலையிலயே என் மூட்டைய கட்டச் சொல்லிட்டாரு. தள்ளுங்க, புள்ளைக்கு வெயிலு."

தள்ளினேன். வேறு என்ன செய்வது? வழியிலேயே பாலத்துப் பலகைக் கதையையும் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்து காசை வாங்கிக் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டாள். "உங்ககிட்ட இருந்தா எந்தப் பலகை சந்துலயாவது போட்டுட்டு வருவீங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை சமையல்காரர் காத்திருந்தார். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மடியில் இரண்டு பூசணிக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி மெல்ல நகர்ந்ததும் ஒரு கொய்யாக்காயை எடுத்தார். பழக்கத்தில் மடியைத் தடவிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

"ஏம்பா, கத்தி இல்லாம கையொடிஞ்ச மாதிரி இருக்குது. அதே மாதிரி இன்னொண்ணு வாங்கணும். அது எவ்ளோ நீளம் இருக்கும்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"